திறப்பு விழாத் தேதியா? மக்கள் உயிரா?

சென்னையில் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் சென்ற வாரம் ஊருக்கு வந்திருந்தார். ஆவூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து இருபது வயதில் பிழைப்புத் தேடிப் போனவர். இன்று சொந்தமாகத் துணிக்கடை நடத்துகிறார். மெட்ரோ ரயிலுக்காகக் கடைத்தெருவில் தகரத் தடுப்பு வைத்த நாளிலிருந்து அவருடைய வியாபாரம் பாதியாகிவிட்டது. வாடகை மட்டும் குறையவில்லை.

அவர் நம்மிடம் கேட்ட கேள்வி இதுதான்: "ஹஜ்ரத், பள்ளம் தோண்டி முடிச்சாச்சு. தண்டவாளமும் போட்டாச்சு. இப்ப காலி ரயிலை விட்டு ஓட்டிப் பாக்குறாங்களாம். ரயில்தான் ஓடுதே, ஆளை ஏத்த வேண்டியதுதானே? எங்க வயித்துல அடிக்கிறதுக்கு இன்னும் என்ன சோதனை?"

அவருடைய வேதனை நியாயமானது. அதில் நமக்குக் கடுகளவும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி தவறான இடத்தில் கேட்கப்பட்ட கேள்வி. இதை அவரிடமே சொன்னோம். அவரைப் போல் நம் வணிகர்கள் பலரும், அவசரக்கார இளைஞர்கள் பலரும் இதே கேள்வியைக் கேட்பதால் இங்கே விரிவாகவே எழுதுகிறோம்.

நம் மாவட்டத்தில் பார்த்ததுதான்

ரயில் சோதனை நமக்குப் புதிதல்ல. காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி, பேராவூரணி வழியாகப் பட்டுக்கோட்டை செல்லும் மீட்டர் கேஜ் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2018-ல் திறக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் ரயில் இல்லாமல் தவித்த மக்கள் அவர்கள். ஆனாலும் கடைசித் தண்டவாளம் போட்ட மறுநாளே அங்கு பயணிகளை ஏற்றவில்லை. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்தார். பாலம், வளைவு, கேட் எல்லாம் பார்த்தார். பின்னர் வேகமாக ரயிலை ஓட்டிச் சோதித்தார்கள். அதன் பிறகுதான் மக்களுக்கு வழி திறந்தது.

வெட்டவெளியில், வயல்களுக்கு நடுவே ஓடும் ரயிலுக்கே இத்தனை சோதனை என்றால், பூமிக்கு அடியில் ஆறு மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள குழாய்க்குள் ஓடும் ரயிலுக்கு எத்தனை சோதனை வேண்டும்? வெளியில் ரயில் நின்றால் இறங்கி நடக்கலாம். சுரங்கத்தில் ரயில் நின்றால், விளக்கு அணைந்தால், புகை சூழ்ந்தால் பயணி எங்கே போவான்?

காலி ரயில் சும்மா ஓடவில்லை

"காலி ரயிலை ஓட்டிப் பார்க்கிறார்கள்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அங்கே என்ன நடக்கிறது என்பதை ஒவ்வொரு பயணியும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், ரயிலின் எந்தப் பகுதியும் சுவரிலோ, நடைமேடையிலோ, குழாய்களிலோ உரசாமல் போகிறதா என்று ஆள் நடக்கும் வேகத்தில் நகர்த்திப் பார்க்கிறார்கள். மேலே உள்ள மின்கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் செலுத்தப்படுகிறது. பிறகு மெதுவாக ஓட்டி, படிப்படியாக வேகத்தைக் கூட்டுகிறார்கள்.

அடுத்தது சுமை. சென்னை மெட்ரோ முதல் கட்டத்தில் ஓடும் நான்கு பெட்டி ரயில் ஒன்றில் 1,276 பேர் பயணம் செய்யலாம். ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தாலே சுமார் 83 டன் எடை வருகிறது. காலி ரயில் நிற்கும் தூரத்தில் இத்தனை பாரம் ஏற்றிய ரயில் நிற்குமா? எனவே ஆட்களுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டுகிறார்கள். முழு வேகத்தில் போகும்போது அவசர பிரேக் போட்டு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அளக்கிறார்கள். பெட்டி எவ்வளவு ஆடுகிறது, குலுங்குகிறது என்பதைக் கருவி வைத்துப் பதிவு செய்கிறார்கள்.

அடுத்தது சிக்னல். முன்னால் ஒரு ரயில் நின்றால் பின்னால் வரும் ரயில் தானாக நிற்க வேண்டும். அதை நிஜமாகவே இரண்டு ரயில்களை விட்டுச் சோதிக்க வேண்டும். சுரங்க நிலையங்களில் நடைமேடை ஓரம் கண்ணாடிக் கதவுகள் இருக்கின்றன. ரயில் கொஞ்சம் தள்ளி நின்றாலும் கதவும் கதவும் பொருந்தாது. ஒரு முறை சரியாக நின்றால் போதாது. ஒவ்வொரு நிலையத்திலும், ஒவ்வொரு ரயிலும், நூற்றுக்கணக்கான முறை சரியாக நிற்க வேண்டும்.

கடைசியாக, எல்லாவற்றையும் விட முக்கியமாக, புகை. சுரங்கத்தில் பெரிய பெரிய காற்றாடிகள் பொருத்தியிருக்கிறார்கள். தீப்பிடித்தால் அவை புகையை ஒரு பக்கம் தள்ள வேண்டும். மக்கள் மறுபக்கம் வெளியேற வேண்டும். போகும் சுரங்கத்தையும் வரும் சுரங்கத்தையும் இணைக்கும் குறுக்கு வழிகள் திறக்க வேண்டும். மின்சாரம் போனாலும் அவசர விளக்கு எரிய வேண்டும். இதையெல்லாம் காகிதத்தில் பார்த்து "சரி" போட முடியாது. புகை விட்டு, மின்சாரத்தை நிறுத்தி, ஆட்களை நடக்க வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இத்தனையும் முடிய மாதங்கள் ஆகும். இதைத்தான் "இன்னும் என்ன சோதனை" என்று கேட்கிறோம்.

புகை கற்றுத்தந்த பாடம்

1995 அக்டோபர் 28 அன்று அஸர்பைஜான் நாட்டின் தலைநகர் பாகூவில் சுரங்க ரயில் ஒன்று தீப்பற்றியது. இரு நிலையங்களுக்கு நடுவே சுரங்கத்துக்குள் ரயில் நின்றுவிட்டது. சுமார் 290 உயிர்கள் பலியாயின. அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, நச்சுப் புகை. புகையை வெளியேற்ற வேண்டிய காற்றோட்டமே, மக்கள் தப்பி ஓடிய திசையில் புகையைக் கொண்டு சேர்த்தது.

2003 பிப்ரவரி 18 அன்று தென்கொரியாவின் டேகு நகரில் மனநிலை பாதிக்கப்பட்ட ஒருவர் ரயிலில் தீ வைத்தார். எதிர்த் தடத்தில் வந்த இன்னொரு ரயில் அதே நிலையத்தில் வந்து நின்றது. அதற்கும் தீ பரவியது. அந்த இரண்டாவது ரயிலில்தான் அதிகம் பேர் இறந்தனர். கதவுகள் திறக்கவில்லை. ஓட்டுநர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டார். மொத்தம் 192 பேர் பலியாயினர்.

டேகுவில் ரயில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பாகூவில் அந்தச் சுரங்கம் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருந்ததுதான். ரயில் ஓடுகிறதா என்பது ஒரு கேள்வி. ஓடாமல் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர் உயிரோடு வெளியே வர முடியுமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தவுடன் ரிப்பன் வெட்டத் துடிப்பவர்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

தேதியை முதலில் குறித்தால்...

நம் நாட்டிலும் எச்சரிக்கைகள் கிடைத்திருக்கின்றன. 2017 டிசம்பர் 19 அன்று டெல்லியில் காளிந்தி குஞ்ச் பணிமனையில் ஒரு மெட்ரோ ரயில் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றது. ஓட்டுநர் இல்லாமலே ஓடக்கூடிய வகையில் தயாரிக்கப்பட்ட நவீன ரயில் அது. இயந்திரம் கோளாறு செய்யவில்லை. பிரேக் இயங்குகிறதா என்று சரிபார்க்காமல் நகர்த்தியதுதான் காரணம், இது மனிதத் தவறு என்று நிர்வாகமே சொன்னது. நல்ல வேளையாக எவருக்கும் காயமில்லை. இது நடந்த ஆறாம் நாள், டிசம்பர் 25 அன்று, பிரதமரால் அந்தப் பாதை திறந்து வைக்கப்பட்டது. பிரதமர் வரும் தேதி நெருங்க நெருங்கத் தொழிலாளியின் தலையில் எவ்வளவு அழுத்தம் இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

லண்டன் மாநகரைப் பாருங்கள். எலிசபெத் பாதை 2018 டிசம்பரில் திறக்கப்படும் என்று அறிவித்தார்கள். கட்டுமானம் தாமதமானது. ஆனால் தேதியை மாற்ற மனமில்லை. எனவே சோதனைக்கு ஒதுக்கிய காலத்தைச் சுருக்கிப் பார்த்தார்கள். சிக்னல் ஒத்துழைக்கவில்லை. கடைசியில் 2018 ஆகஸ்டில் "முடியாது" என்று ஒப்புக்கொண்டார்கள். 2021 மே மாதம்தான் முறையான சோதனை ஓட்டம் தொடங்கியது. 2022 மே 24 அன்று பாதை திறக்கப்பட்டது. அவமானம்தான். பணச் செலவுதான். ஆனால் ஓர் உயிரையும் பணயம் வைத்துத் திறக்கவில்லை.

கொல்கத்தாவைப் பாருங்கள். இந்தியாவின் முதல் மெட்ரோ 1984 அக்டோபர் 24 அன்று ஓடியது அங்கேதான். அதே நகரில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் 520 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் தோண்டினார்கள். 2023 ஏப்ரல் 12 அன்று முதல் ரயில் ஆற்றுக்கு அடியில் ஓடியது. திறப்பு விழா 2024 மார்ச் 6 அன்று. இடையில் ஏறத்தாழ பதினோரு மாதங்கள். அதே பாதைக்காகச் சுரங்கம் தோண்டியபோது 2019-ல் பவ்பஜார் பகுதியில் வீடுகள் இடிந்து பல குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அந்தக் கசப்பை ருசித்த நகரம் அது.

சென்னையின் கணக்கு

இப்போது நம் சென்னைக்கு வருவோம். 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு - ஆலந்தூர் இடையே சென்னையின் முதல் மெட்ரோ ஓடியது. அது மேம்பாலப் பாதை. சுரங்கத்தில் முதல் ரயில் மக்களை ஏற்றியது 2017 மே 14 அன்று, திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரை, ஏழு நிலையங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு, 2017 ஏப்ரல் 9 அன்று, அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலம் அருகே சாலை உள்வாங்கி ஓர் அரசுப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கியதை மறந்துவிட முடியாது. அடியில் நடந்த சுரங்கப் பணிதான் காரணம். பின்னர் 2019 பிப்ரவரி 10 அன்று அண்ணா சாலை வழியாக வண்ணாரப்பேட்டை வரை சுரங்கப் பாதை திறக்கப்பட்டது. இன்று நம் வணிகர்கள் மண்ணடி நிலையத்தில் இறங்கிக் கடைக்கு நடந்து போகிறார்கள். நன்மை கிடைத்திருக்கிறது, மறுப்பதற்கில்லை.

இரண்டாம் கட்டம் முதல் கட்டத்தைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். மொத்தம் 118.9 கிலோ மீட்டர். மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். மத்திய அமைச்சரவை 2024 அக்டோபர் 3 அன்று ஒப்புதல் தந்தது. இதில் சுமார் 43 கிலோ மீட்டர் பூமிக்கு அடியில். பனகல் பூங்கா, புரசைவாக்கம், ஆயிரம் விளக்கு, இராயப்பேட்டை என்று மக்கள் நெருக்கமாக வாழும், வியாபாரம் செய்யும் பகுதிகளுக்குக் கீழே சுரங்கம் போகிறது. இதில் ஓடப்போவது ஓட்டுநர் இல்லா ரயில். பூந்தமல்லி பணிமனையில் 2024 அக்டோபரில் அதன் சோதனை தொடங்கியது. 2025 மார்ச் 20 அன்று பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரை மேம்பாலப் பாதையில் ஓட்டிப் பார்த்தார்கள்.

அதே ஆண்டு ஜூன் 12 அன்று இரவு, மவுண்ட் - பூந்தமல்லி சாலையில் மெட்ரோ பணியிடத்திலிருந்து இரண்டு கான்கிரீட் உத்தரங்கள் சாலையில் விழுந்தன. மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் உயிரிழந்தார். வேலை முடித்து வீட்டுக்குப் போகும் நம்மில் ஒருவர் என்று எண்ணிப் பாருங்கள். "சீக்கிரம் முடி" என்று மேலே இருப்பவர் சொல்வது எளிது. அந்த அவசரம் யார் தலையில் விழும் என்பதுதான் கேள்வி.

முத்திரை குத்துபவர் யார்?

வணிகச் சகோதரர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் கடைத் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் நீங்களே முத்திரை குத்திக்கொள்ள முடியுமா? முடியாது. முத்திரை ஆய்வாளர் வந்து பார்த்து, அவர்தான் முத்திரையிட வேண்டும். நீங்கள் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் விற்பவரே அளவையும் சான்றளித்தால் வாங்குபவருக்கு என்ன பாதுகாப்பு?

ரயிலுக்கும் இதே நியாயம்தான். ரயிலைக் கட்டியவரே ரயில் பாதுகாப்பானது என்று சான்று தரக் கூடாது. இந்த உண்மையை உணர்ந்துதான் 1941-லேயே ரயில்வே ஆய்வாளர்களை ரயில்வே வாரியத்தின் பிடியிலிருந்து பிரித்தார்கள். இன்றும் ரயில்வே பாதுகாப்பு ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. ரயிலை ஓட்டுபவரின் சம்பளப் பட்டியலில் ரயிலைச் சோதிப்பவர் இருக்கக் கூடாது என்பதே காரணம்.

மெட்ரோவுக்கென்று 2002-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் நேரில் ஆய்வு செய்து, மக்களை ஏற்றிச் செல்வதில் ஆபத்தில்லை என்று அறிக்கை தராமல் எந்தப் பாதையையும் திறக்கக் கூடாது. முதலமைச்சரும் பிரதமரும் ரிப்பன் வெட்டலாம். ஆனால் அனுமதி தருவது அந்த ஆணையரின் கையெழுத்து. மக்கள் உயிர் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அந்தக் கையெழுத்தை அவர் எந்த நெருக்கடியும் இல்லாமல் போட வேண்டும். அல்லது போட மறுக்க வேண்டும். தேர்தல் நெருங்குகிறது என்பதற்காகவோ, ஆளுங்கட்சிக்கு மேடை வேண்டும் என்பதற்காகவோ, எதிர்க்கட்சி கேலி செய்கிறது என்பதற்காகவோ அந்தக் கை நடுங்கக் கூடாது.

நாம் கேட்பது

சோதனையைச் சுருக்கு என்று நாம் கேட்கப்போவதில்லை. நாம் கேட்பது மூன்று.

முதலாவது, பாதுகாப்பு ஆணையர் அனுமதி தருவதற்கு முன்பு திறப்பு விழாத் தேதியை எந்த அமைச்சரும் அறிவிக்கக் கூடாது.

இரண்டாவது, அனுமதியோடு ஆணையர் விதிக்கும் நிபந்தனைகளைத் தமிழில் எழுதி ஒவ்வொரு நிலையத்திலும் ஒட்ட வேண்டும். எதைச் சரிசெய்யச் சொன்னார், எத்தனை நாளில் சரிசெய்தார்கள் என்று டிக்கெட் வாங்கும் மக்களுக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, கடைக்காரர்களின் இழப்பு. நிலம் கொடுத்தவருக்குச் சட்டப்படி இழப்பீடு உண்டு. வாசலில் தடுப்பு வைத்ததால் ஆண்டுக்கணக்கில் வியாபாரம் இழந்த வாடகைக் கடைக்காரருக்கு என்ன இருக்கிறது? பல்லாயிரம் கோடி செலவிடும் திட்டத்தில் இவர்களுக்கு ஒரு நிதி ஒதுக்க முடியாதா? தடுப்பை அகற்றக்கூடிய இடங்களில் சோதனை ஓட்டம் முடியும் வரை காத்திராமல் அகற்ற முடியாதா? மேலே சாலையைத் திறந்து விடுவதற்கும் கீழே ரயிலைச் சோதிப்பதற்கும் என்ன சம்பந்தம்? நம் துணிக்கடைச் சகோதரர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். வியாபாரிகள் சங்கங்கள் தனித்தனியாகப் புலம்புவதை விட்டுவிட்டு, சாதி மத பேதமின்றி ஒரே மனுவாக இதை முன்வைக்க வேண்டும்.

இளைஞர்களே! உங்களுக்கும் வேலை இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு விண்ணப்பம் போடலாம். சுரங்கத்தில் புகைச் சோதனை என்று நடந்தது, மக்களை வெளியேற்றும் ஒத்திகை எத்தனை முறை நடந்தது, ஆணையர் என்ன நிபந்தனை விதித்தார் என்று கேளுங்கள். தெருமுனையில் நின்று பேசுவதை விட இந்த ஒரு தாள் அதிகம் சாதிக்கும். ஐடிஐ, டிப்ளமோ படித்த தம்பிமார்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஓட்டுநர் இல்லா ரயில் என்றால் ஆளே வேண்டாம் என்று பொருளல்ல. சிக்னல், மின்சாரம், காற்றோட்டம், பராமரிப்பு என்று அத்தனைக்கும் தேர்ந்த கைகள் வேண்டும். அந்தப் பணிகளுக்கு அறிவிப்பு வரும்போது நம் வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டு விசாவுக்கு வரிசையில் நின்றுகொண்டிருக்கக் கூடாது.

ரயிலில் ஏறும்போதும் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். அவசரக் கதவு எங்கே, பேசும் பொத்தான் எங்கே, தீயணைப்பான் எங்கே என்று பார்த்து வையுங்கள். உங்கள் தாய்க்கும் பிள்ளைக்கும் காட்டிக் கொடுங்கள்.

எல்லாம் சொல்லி முடித்தபின் துணிக்கடைச் சகோதரரிடம் ஒன்று கேட்டோம்: "அந்த ரயிலில் முதல் நாள் யார் போவாங்க?" சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "என் மகள்தான் ஹஜ்ரத். காலேஜுக்கு அதுலதான் போவா."

பிறகு அவரே சொன்னார்: "நல்லாப் பாத்துட்டே திறக்கட்டும். தகரத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்க."

நாமும் அதையேதான் ஆட்சியாளர்களிடம் சொல்கிறோம்.